காணாமல் போன சூப்பர்

அத்தியாயம் நான்கு

திருடன் ஒற்றைச் செருப்பைத்தான் எடுத்திருந்தான்.

தாவீது மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று, மிச்சமிருந்த வலது கால் செருப்பை வெறித்துப் பார்த்தான். கொட்டகைக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழையக் கூடாது என்பது அந்தப் பண்ணையின் சட்டம். அதற்குக் கட்டுப்பட்டு வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே போய் மாடுகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டு வந்தான். அதற்குள் இடது கால் செருப்பு மாயமாகிவிட்டது. அசல் தோல். மூர் மார்க்கெட்டில் கடைக்காரனோடு தொண்டை வற்றப் பேரம் பேசி வாங்கியது. காலைக் கடிப்பதுகூட இன்னும் நின்றபாடில்லை.

"மேடம், துப்பு துலக்க வந்த எடத்துல நம்மளையே துலக்கிட்டானுங்க" என்றான்.

காந்திமதி வயல் பக்கமிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

"ஒத்தைச் செருப்பை எடுக்கிறவனுக்கு அதைப் போட்டுக்கிற எண்ணம் இல்லை, தாவீது. அதை யோசி."

தாவீதுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது.

காந்திமதி காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாள் காணாமல் போயிற்று. தலைமையாசிரியை போலீசுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோதே, இவர் ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டார். அந்த ருசி கண்ட பிறகு கரும்பலகை கசந்துவிட்டது. தாம்பரத்தில் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். படப்பைக்காரனான தாவீது, போர்டு மாட்ட ஏணி பிடிக்க வந்தவன். ஏணியைப் பிடித்துக்கொண்டே எதிர்க்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், சைக்கிள் கடை முதலாளி எல்லாருடைய குட்டையும் உடைத்துச் சொன்னதில், அன்றைக்கே உதவியாளனாகிவிட்டான்.

இந்தக் கேஸ் வந்தது பாண்டுரங்கன் மூலமாக. ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவருடைய பால் பண்ணை. அந்தப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் கேன்டீன்களுக்குப் பாண்டுரங்கன் பண்ணைப் பால்தான். அதை நம்பித்தான் அவர் கலப்பினப் பசுக்களாக வாங்கிக் கட்டியிருந்தார். இப்போது பால் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று கேன்டீன் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சிரிப்புதான் பாண்டுரங்கனின் தூக்கத்தைக் கெடுத்தது.

பால் ஏன் குறைந்தது? தீவனம் வளரவில்லை. மாட்டுக்கென்று குதிரை மசால் போட்டிருந்த வயலில், பயிர் கணுக்காலைத் தாண்டி எழும்பவே இல்லை. தீவனம் ஏன் வளரவில்லை? இதற்கான பதிலைப் பாண்டுரங்கனின் மச்சினன் ரகுபதி கண்டுபிடித்துக் கொடுத்தான். வயலுக்கென்று மூட்டை மூட்டையாகச் சூப்பர் பாஸ்பேட் உரம் வாங்கினார்கள். விவசாயிகள் சுருக்கமாகச் 'சூப்பர்' என்பார்கள். மூட்டைகள் வந்து இறங்கியதைப் பாண்டுரங்கனே கண்ணால் பார்த்தார். வயலில் போட வேண்டியவன் பலராமன். போட்டிருந்தால் பயிர் வளர்ந்திருக்கும். வளரவில்லை. ஆகவே அவன் போடவில்லை, விற்றுவிட்டான்.

கணக்கு கச்சிதமாக இருந்தது. எங்கே விற்றான் என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் காந்திமதியை அழைத்திருந்தார்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சாயங்காலம் பலராமனை ஸ்ரீபெரும்புதூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

"சூப்பர் காணாம பூட்டா, மிச்சம் இருக்கிறது சுமார்தானே மேடம்" என்று பஸ்ஸில் வரும்போதே தாவீது சொல்லிப் பார்த்தான். காந்திமதி சிரிக்கவில்லை. முன் சீட்டுக்காரர் சிரித்தார். தாவீதுக்கு அது போதுமானதாக இருந்தது.

ரகுபதிதான் அவர்களை வயலுக்கு அழைத்துப் போனான். அம்பத்தூரில் ஏதோ ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவன். பால் கறப்பதை ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்பான். மாடுகள் நிற்கும் வரிசைக்கு லைன் என்று பெயர். கன்று ஈன மாடு இரவெல்லாம் முக்கினால் ஓ.டி. பார்க்கிறது என்பான். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து எப்போதும் ஜல்ஜல்லென்று ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே, குற்றவாளி இவன்தான் என்று தாவீது முடிவு கட்டிவிட்டான். ஆதாரம் அப்புறம் கிடைத்துக்கொள்ளும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி அதிக நேரமாகவில்லை. ஒற்றைச் செருப்போடு நடந்தால் கோமாளி மாதிரி இருக்குமே என்று தாவீது அதையும் கொட்டகை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தான். சேறு கணுக்கால் வரை அப்பிக்கொண்டது. காந்திமதி வரப்பிலேயே நின்று, குனிந்து, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். குட்டையாக இருந்ததே தவிர வாடவில்லை, வெளுக்கவில்லை. நீலம் கலந்தது போல அடர்ந்த பச்சை.

"யூரியா போடறப்போ நான் பக்கத்துலயே நின்னேன் மேடம்" என்றான் ரகுபதி. "அதுல கை வைக்க முடியல அவனால. சூப்பர் போட்ட அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. அதான் சான்ஸ் பாத்துட்டான்."

வயலின் அந்தக் கோடியில், வாய்க்கால் ஓரமாக, ஒரே ஒரு வரிசை மட்டும் முழங்காலைத் தாண்டித் தளதளவென்று நின்றது. பக்கத்தில் இருந்த குட்டைப் பயிருக்கு நடுவே அது ஏதோ அண்ணன் மாதிரி நிமிர்ந்திருந்தது.

"அது எப்படி?" என்று காந்திமதி கேட்டார்.

ரகுபதி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல விளக்கினான். யாராவது கேட்டால் காட்டுவதற்காகப் பலராமன் அந்த ஒரு லைனில் மட்டும் உரத்தைப் போட்டுவிட்டு, மீதியைத் தள்ளிவிட்டான். இதுவே போதாதா, வேறென்ன சாட்சி வேண்டும் என்றான்.

தாவீதுக்கு அது சரியாகவே பட்டது. குற்றவாளி என்று தான் முடிவு கட்டியவன் வாயிலிருந்து சரியான விஷயம் வந்ததில் அவனுக்கு மகா எரிச்சல்.

பலராமன் பம்ப் செட்டு நிழலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி பாஞ்சாலி. அவன் வாயே திறக்கவில்லை. காந்திமதி கேட்டதற்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

உரம் போட்ட அன்று நடந்ததை அவள் விவரித்தாள். எருவும் உரமூட்டையும் ஒரே வண்டியில் வந்தன. வாய்க்காலில் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்து, ஒரு மூட்டை கிழிந்து எருவோடு எருவாகக் கொட்டிவிட்டது. முதலாளி பார்த்தால் திட்டுவாரே என்று பலராமன் இரண்டையும் சேர்த்து வாரி, அந்த ஓரமாக ஏரால் ஒரு சால் இழுத்து, அதற்குள் போட்டு மூடி, அதன் மேலேயே விதைத்துவிட்டான். மற்ற மூட்டைகளைச் சொன்னபடி வயல் முழுக்கக் கையால் வீசினான்.

"வீசிட்டு வந்து கை எரியுது, கை எரியுதுன்னு சோத்தைப் பெசைய முடியலம்மா அதுக்கு" என்றாள் பாஞ்சாலி. "நான்தான் ஊட்டிவுட்டேன். வித்துட்டு வந்தவனுக்குக் கை ஏம்மா எரியப் போவுது?"

பலராமன் தலையை இன்னும் கீழே தொங்கப் போட்டுக்கொண்டான். திருடன் என்று சொன்னபோது வராத வெட்கம் இப்போது வந்திருந்தது. தாவீது எதையோ சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டான். அது அவனுக்கு அபூர்வமாக நடக்கிற விஷயம்.

காந்திமதி மேற்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். போன வருஷமெல்லாம் இந்த வயல் எப்படி இருந்தது?

பயிர் நன்றாகவே நின்றது என்றாள் பாஞ்சாலி. அப்போது மேடும் பள்ளமுமாக இருந்த வயலை, ரகுபதிதான் அப்புறம் மட்டம் பண்ணினாராம். அவள் மேலே சொல்வதற்குள் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அக்கா வீட்டில் எல்லாருக்கும் சர்பத் கலக்குகிறாள், வாருங்கள் என்று ரகுபதி வந்து நின்றான்.

தாவீது போகவில்லை. அவனுக்கு வேறு வேலை இருந்தது. போகிறபோக்கில் பாஞ்சாலியிடம் செருப்பைப் பற்றி விசாரித்ததில், அந்தப் பண்ணையில் செருப்பு மட்டும் போகவில்லை என்று தெரிந்தது. பால்காரரின் தோல் பைக்குக் காது போயிருக்கிறது. ரகுபதி குளிக்கும்போது கழற்றி மாட்டிய பெல்ட் போயிருக்கிறது. வீட்டம்மா மீனம்மாள் காயப் போட்ட சாக்குப் படுதாவில் பாதி போயிருக்கிறது. எல்லாவற்றையும் பலராமன் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

"பெல்ட் எடுத்து இது இன்னா பண்ணும்?" என்று பாஞ்சாலி கணவனைக் காட்டிக் கேட்டாள். "கட்டிகினு கீறது நாலு மொழம் வேட்டி."

தாவீதின் மூளை வேகமாக ஓடியது. எடுப்பதையும் எடுத்துவிட்டுப் பழியைப் பலராமன் மேல் போடுவது ரகுபதியின் ஆளாகத்தான் இருக்க வேண்டும். செருப்புத் திருடனைப் பிடித்தால் உரத் திருடனும் கூடவே வருவான். அவன் கொட்டகைக்குத் திரும்பி, மிச்சமிருந்த வலது கால் செருப்பை வாசலில் எடுப்பான இடமாகப் பார்த்து வைத்தான். எலிக்குக் காத்திருக்கும் பூனை போல வைக்கோல் போருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான்.

வைக்கோல் குத்தியது. சட்டைக்குள் ஏதோ ஊர்ந்தது. காலில் ஒரு சிம்பு கீறி ரத்தம் கசிந்தது. துப்பறியும் தொழிலில் இந்தப் பகுதியை மேடம் எப்போதும் தனக்கே விட்டுக்கொடுப்பதை அவன் கவனித்திருக்கிறான்.

கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. திருடன் வந்தான். வந்தான் என்று சொல்லக் கூடாது, வந்தாள். தண்ணீர் காட்ட அவிழ்த்துவிட்டிருந்த ஒரு செவலைப் பசு, வாசலுக்கு வந்து, ரோட்டைக் கடக்கப் போகிற கிழவியைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு செருப்பைக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் உள்ளே நடந்தது.

தாவீது பாய்ந்து போய்க் குதிகால் பக்கத்தைப் பிடித்தான். பசு வார் பக்கத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இழுத்தார்கள். பசு அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. பசியோடு பார்த்தது, கெஞ்சுவது போலக்கூட இருந்தது. அந்தப் பார்வையில் அவன் பிடி தளர்ந்துவிட்டது. பசு மெல்ல ஆரம்பித்தது.

தீவனத் தொட்டிக்குப் பின்னால் அவன் குனிந்து பார்த்தபோது புதையலே கிடைத்தது. பெல்ட்டின் இரும்புக் கொக்கி. பால்காரர் பையின் காது. சப்பித் துப்பிய சாக்குத் துண்டு. மூர் மார்க்கெட்டின் முத்திரை பதித்த அவனுடைய இடது வார். அவற்றோடு எங்கிருந்தோ கவ்விக்கொண்டு வந்த, வழவழவென்று மெல்லப்பட்ட ஒரு பழைய எலும்பு.

எல்லாவற்றையும் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் காந்திமதியிடம் தனியாகக் காட்டினான். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் பளிச்சிட்டன. அது அதைவிட மோசம்.

"எலும்பும் இதோடதான் இருந்ததா?"

"இருந்துச்சு மேடம். கொலைக் கேஸாக்கும்னு ஒரு நிமிசம் ஆடிப் பூட்டேன். மாட்டு எலும்புதான்."

"உன் செருப்பு வீண் போகலை, தாவீது."

"வயித்துக்குள்ள போயிருக்குது மேடம்."

பாண்டுரங்கன் வீட்டு முன்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். பாண்டுரங்கன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ரகுபதி சாவிக்கொத்தோடு தூணில் சாய்ந்திருந்தான். பலராமனும் பாஞ்சாலியும் வாசல் படிக்கு வெளியே நின்றார்கள். மீனம்மாள் தட்டில் எலுமிச்சம்பழச் சர்பத் கொண்டுவந்தாள்.

காந்திமதி சர்பத்தை எடுக்கவில்லை. தனக்குச் சர்க்கரையும் தண்ணீரும் வேண்டாம், பழத்தை மட்டும் நறுக்கிக் கொடுத்தால் போதும் என்றார். கூடவே ஒரு சாசரும், தீவன வயலிலிருந்து ஒரு பிடி மண்ணும் வேண்டும் என்றார்.

தாவீது எழுந்தான். "நீ ஒக்காருப்பா, காலுக்குச் செருப்புகூட இல்ல" என்று ரகுபதி அவனை அமர்த்திவிட்டுத் தானே போனான். இவ்வளவு நல்லவனா என்று தாவீதுக்கே சந்தேகம் வந்தது.

கொட்டாங்கச்சி நிறைய மண் வந்தது. காந்திமதி அதில் கொஞ்சம் சாசரில் போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சாறு மண்ணில் ஊறியது. அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா மேடம், மண்ணுக்குத் தாகமா?" என்று ரகுபதி சிரித்தான். பாண்டுரங்கனும் சங்கடமாகப் புன்னகைத்தார். சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

காந்திமதியும் மண்ணைப் பார்த்து ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவர் பார்வை மெதுவாக நகர்ந்து தாவீதின் காலில் வந்து நின்றது.

"காலை நீட்டு."

"மேடம்?"

"அந்த முக்காலி மேல வை."

தாவீதின் காலில் காலையில் அப்பிய சேறு காய்ந்து, சாம்பல் பூசியது போல வெளுத்துக் கிடந்தது. காந்திமதி இன்னொரு மூடிப் பழத்தை எடுத்து அதன் மேலேயே பிழிந்தார். சேறு 'சுர்ர்' என்றது. அப்போதுதான் திறந்த சோடாவைப் போல நுரை கிளம்பிக் குதிகால் வழியாக இறங்கியது. வைக்கோல் சிம்பு கீறிய இடத்தில் சாறு பட்டதும் தாவீதும் கிட்டத்தட்ட அதே சத்தத்தைப் போட்டான்.

"சேறு இந்த வயல்லதானே ஒட்டுச்சு?"

"வேற எங்கியும் எறங்கல மேடம்" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க வேணா தூரமா நின்னு இன்னொரு தடவ கேளுங்க."

காந்திமதி பாண்டுரங்கன் பக்கம் திரும்பினார். இப்படிப் பொங்கினால் அந்த மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். சூப்பரில் இருப்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். சுண்ணாம்பு மண்ணில் அதை மேலாக வீசினால், சுண்ணாம்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உரம் வயலில்தான் இருக்கும். ஆனால் வேருக்குக் கிடைக்காது.

"வாங்கின சாமானைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுச் சாவிய இடுப்புல சொருவிக்கிற ஜாதின்னு சொல்லுங்க" என்றான் தாவீது. எல்லார் பார்வையும் தானாகவே ரகுபதியின் இடுப்புக்குப் போயிற்று.

"அப்போ அந்த ஒரு வரிசை?" என்று பாண்டுரங்கன் கேட்டார்.

அங்கே உரம் மக்கின எருவோடு கலந்து, விதைக்கு அடியிலேயே சாலுக்குள் விழுந்துவிட்டது, சுண்ணாம்பு அதை முழுக்கப் பிடிப்பதற்குள் வேர் போய்த் தொட்டுவிட்டது என்றார் காந்திமதி. மூட்டையில் இருந்தது நல்ல உரம்தான் என்பதற்கும், அது வயலுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கும் அந்த வரிசைதான் சாட்சி. பலராமனைத் திருடன் என்று காட்டின அதே பயிர்.

அப்புறம் தாவீதின் துண்டு அவிழ்ந்தது. கொக்கியும், காதும், வாரும், எலும்பும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தன. மண்ணில் பூட்டிக் கிடக்கிற சத்து பயிருக்கு வரவில்லை; பயிரில் இல்லாதது மாட்டுக்கும் வரவில்லை. உடம்பில் மணிச்சத்து குறைந்தால் மாடு எலும்பைத் தேடும். எலும்பு கிடைக்காவிட்டால் தோல், சாக்கு, கட்டை என்று அகப்பட்டதை மெல்லும். பாலும் வற்றும். பண்ணையில் நடந்த திருட்டெல்லாம் பசியால் நடந்தது என்றார் காந்திமதி.

மீனம்மாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "செவலை அன்னிக்கு என் புடவைத் தலைப்பை இழுத்தப்போ, பாசத்துல இழுக்குதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது. போன கோடையில் புதுக் கிணறு வெட்டியபோது ஆழத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் மண் வந்தது. அந்த மண்ணைத்தான் வயலில் பரப்பி ரகுபதி மட்டம் பண்ணினான். பலகை போல ஆகிவிட்டது என்று அவரே ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. அவனும் நல்லதுக்குத்தான் செஞ்சான்" என்றார்.

"தெரியாமலா?" என்றார் காந்திமதி.

அவர் ரகுபதி கொண்டுவந்த கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்தார். உள்ளே இருந்த மண் நல்ல செம்மண். தாவீதின் காலில் இருந்ததோ சாம்பல் வெள்ளை.

"நான் வயல் மண்ணைக் கேட்டேன். இவர் கொல்லை மண்ணைக் கொண்டு வந்தார். எலுமிச்சம்பழம் என்ன செய்யும்னு தெரியாதவர் எதுக்காக மண்ணை மாத்தணும்?"

சாவிக்கொத்து ஆடுவது நின்றுவிட்டது.

ரகுபதி முதலில் தவறுதலாக எடுத்துவிட்டதாகச் சொன்னான். அக்காள் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே நின்றது. பிறகு உள்ளதெல்லாம் வெளியே வந்தது. மண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தபோதே விவசாயிகளுக்கு யோசனை சொல்ல அந்த வழியாக வந்த கிராம சேவக், வரப்பில் உட்கார்ந்து இதே மாதிரி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டியிருக்கிறார். இதைத் தீவன வயலில் கொட்டாதே, போட்ட சூப்பரெல்லாம் வீணாகும் என்று எச்சரித்திருக்கிறார். ஆனால் அதற்கு முன்பே மாமா பாண்டுரங்கன் கேன்டீன் மேனேஜரை அழைத்து வந்து, என் மச்சினன் மூளையைப் பாருங்கள் என்று வயலைக் காட்டிவிட்டார். கொட்டியதை அள்ள ரகுபதிக்கு மனம் வரவில்லை. பயிர் எழும்பாமல் போனபோது யார் மேலாவது போட வேண்டியிருந்தது. உரத்தைத் தொட்டவன் பலராமன். அவன் பதில் பேசாதவன் என்பதும் வசதியாக இருந்தது.

மீனம்மாள் தம்பியின் கையிலிருந்த சர்பத் டம்ளரை வாங்கினாள். கூடத்தைக் கடந்து படியிறங்கிப் போய் அதைப் பலராமனிடம் நீட்டினாள். அவன் தயங்கினான். பாஞ்சாலி வாங்கி அவன் கையில் திணித்தாள்.

அதற்கப்புறம் வேலைப் பேச்சு. அடுத்த விதைப்புக்கு உரத்தை வீச வேண்டாம், மக்கின எருவில் கலந்து வைத்திருந்து சாலில் போட்டு அதன் மேல் விதைக்க வேண்டும், அந்த ஒரு வரிசையில் நடந்தது வயல் முழுக்க நடக்க வேண்டும் என்று காந்திமதி சொன்னார். அதுவரை மாடுகளுக்கு, மாட்டு டாக்டரைக் கேட்டுத் தீவனத்தோடு தாது உப்புக் கலவை சேர்க்கச் சொன்னார். பாண்டுரங்கன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பலராமனைப் பார்த்துக் கைகூப்பினார். மனசுல வெச்சுக்காதே, இதோட மறந்துடு என்றார்.

பலராமன் சரி என்று தலையாட்டப் போனான். பாஞ்சாலி விடவில்லை.

"வூட்டுக்குள்ள சொல்றது வூட்டோட பூடும் மொதலாளி. உங்க மச்சினன் இத்தைத் திருடன்னு சொன்னது இங்க இல்ல. கூட்ரோட்டு டீக்கடையில, ஊரே டீ குடிச்சிகினு கீறப்போ."

அவ்வளவுதான் சொன்னாள். பாண்டுரங்கன் மச்சினனைப் பார்த்தார். ரகுபதி தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாருமாக ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு நடந்தார்கள். காந்திமதிக்கும் தாவீதுக்கும் தாம்பரம் பஸ் பிடிக்க அதுதான் வழி.

டீக்கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டம் நெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், மாடு ஓட்டி வந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள். பலராமன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ரகுபதி கடைக்கு நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, என்னவோ சொல்ல ஆரம்பித்தான். சரியாக அப்போது பார்த்து வாலாஜாபாத் பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்து நின்று, ஆளை இறக்கி ஏற்றி, புகை கக்கிவிட்டுப் போயிற்று. அது போனபோது ரகுபதி சொல்லி முடித்திருந்தான். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

"கேக்கல" என்றாள் பாஞ்சாலி.

டீ மாஸ்டர் எட்டி ரேடியோவை அணைத்தார். கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. தாவீதுக்கு நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. காந்திமதி திரும்பிப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

"பலராமன் எதையும் எடுக்கல" என்றான் ரகுபதி. இந்தத் தடவை கடைசி பெஞ்சு வரை கேட்டது. "தப்பு பண்ணது நான். தெரிஞ்சேதான் அவர் மேல போட்டேன்."

கடையில் எல்லாரும் பலராமனைப் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதன், கையிலிருந்த டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

"இப்பக் கேட்டுது" என்றான்.

சொல்லிவிட்டுப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டான். ரகுபதி நன்றியோடு அங்கே உட்காரப் போனான். அதற்குள் பாஞ்சாலி அந்த இடத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ சொன்னாள்.